சுந்தரேஷின் ரிசீவர்

டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் வெங்கி குப்புறப் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டும்தான். அதிலும் இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்ததில் சுந்தரேஷுக்கு ஒரு சின்னத் திருப்தி. அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில் சொந்த ஃப்ளாட், குர்காவ்னில் பெரிய கம்பெனியில் வேலை, வீடு முழுக்கச் சொன்னபடி கேட்கும் விளக்குகள், ஆனால் சாக்ஸ் ஓட்டை. மனைவி சுபாஷிணியும் இதைப் பார்த்தால் தேவலை என்று நினைத்தார். அவளோ அவனுக்கு ஏலக்காய் டீ போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்தாள். சுந்தரேஷின் கையில் மொபைல் டார்ச். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தன் சொந்த வீட்டில், தன் சொந்த ரிசீவர் விஷயத்தில், அன்றைக்கு அவருக்குக் கிடைத்திருந்த வேலை.

ரிசீவர் என்றால் சும்மா இல்லை. டெல்லி சாணக்யபுரியில் தூதரகம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர், சாமான்களைக் கழித்துக் கட்டியபோது வாங்கியது. பாட்டு கேட்கிற கறுப்புப் பெட்டி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதோடு இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு. டாக்ஸியின் பின்சீட்டில் அதை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வீடு இருக்கும் துவாரகா வரைக்கும் வந்தார். மகள் மேதாவைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது இந்த மனுஷர் இவ்வளவு கவனமாக உட்காரவில்லை என்று சுபாஷிணி பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அதை இயக்க மூன்று ரிமோட். எதை முதலில் அழுத்துவது, எதற்குப் பிறகு எது என்பது சுந்தரேஷுக்கு மட்டுமே அத்துப்படி. ஏர்போர்ட்டில் கார்கோ கணக்குப் பிரிவிலிருந்து வீடு திரும்பி, கை கால் கழுவி, காபி குடித்த பிறகு கச்சேரி ஆரம்பமாகும். பெட்டி கொஞ்சம் சூடேறட்டும் என்று காத்திருப்பார். சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிசமமாக வந்து சேரும் இடம் சோபாவின் நடு சீட், அது அவருடையது. பக்கவாட்டு நாற்காலியில் சுபாஷிணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். வீணையில் தோடி என்றால் சுந்தரேஷுக்கு உயிர். "இந்த இடத்தைக் கேளு" என்று அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் அவள் தலையாட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்த வீட்டில் பாட்டு என்பது அவர் தன் கையால் அவளுக்குக் கொடுக்கும் ஒன்று என்று அவர் நம்பினார். அந்த நினைப்பு அவருக்குத் தினமும் வேண்டியிருந்தது.

அதில் மண்ணைப் போட்டது வெங்கியின் கிரகப்பிரவேசம். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயதுகூட இருக்காது. "எல்லாம் அணை" என்று காற்றைப் பார்த்துச் சொன்னான், விளக்கெல்லாம் அணைந்தது. "பாட்டு" என்றான், பாட்டு வந்தது. சுபாஷிணி குழந்தை மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். வீடு திரும்பும்போது லிஃப்டில், நம்மாத்துப் பெட்டியையும் இப்படிப் பண்ண முடியுமா என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் உழைத்து, போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவள். பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள். மேதா பூனாவில் படிக்கிறாள். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவள் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டாலும், கண் மட்டும் ஏழாவது மாடியிலேயே இருந்ததாகச் சுந்தரேஷுக்குப் பட்டது. அன்றைக்குப் பற்றிக்கொண்டது அவர் வயிறு.

இதென்ன பிரமாதம், நானே பண்ணுகிறேன் என்று கிளம்பினார். சாமான்களுக்குக் கட்டளை கடத்தும் ஹப் என்கிற சின்ன வெள்ளைப் பெட்டியையும், பேசினால் கேட்டுக்கொள்ளும் உருண்டை ஒன்றையும் வாங்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. கடைசியில் முக்கால்வாசி வந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டு என்றால் கூட்டியது, குறை என்றால் குறைத்தது. அணை என்றாலும் அணைந்தது. ஒரேயொரு குறை, அணைந்ததை மறுபடி எழுப்ப முடியவில்லை. முதலில் நீ எழுந்து போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டு, அப்புறம் வந்து உட்கார்ந்து பாட்டு போடச் சொல் என்று சுபாஷிணிக்கு விளக்கினார். எழுந்து போவதானால் சொல்வது எதற்கு என்று அவள் சிரித்துவிட்டு, வெங்கிக்கு மெசேஜ் போட்டாள்.

இப்போது அவன் தவழ்ந்து வெளியே வந்து, டிவியில் ரிசீவரின் மெனுவைத் திறந்தான். உள்ளுக்குள் உள்ளாகப் போய், சுந்தரேஷ் எப்போதோ ஒரு தரம் மட்டுமே எட்டிப் பார்த்திருந்த ஒரு பக்கத்தில் நின்றான்.

"அண்ணா, பெட்டி தூங்கறப்போ நெட்வொர்க்கையும் சேர்த்து அணைச்சு வெச்சிருக்கீங்க. அதான் ஹப் கூப்பிட்டா இதுக்குக் காது கேக்கறதில்லீங்ணா."

கரண்ட் மிச்சம் பிடிக்க அதை அணைத்தது சுந்தரேஷேதான். டெல்லியில் பாதிப் பேருக்கு இருக்கும் வியாதி அது. யூனிட் ஒரு வரம்பைத் தாண்டினால் பில்லில் சலுகை போய்விடும் என்று ராத்திரி வீடு முழுக்க ஸ்விட்சை அணைத்துக்கொண்டே வருவார். வெங்கி ஒரு பொத்தானை அழுத்தினான். டீயோடு வந்த சுபாஷிணியைச் சொல்லிப் பார்க்கச் சொன்னான். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே உருண்டையைப் பார்த்து மெதுவாகச் சொல்ல, பெட்டியின் நீல விளக்கு எரிந்து, ஸ்பீக்கர் லேசாக முனகிவிட்டுப் பாட ஆரம்பித்தது.

"அச்சா!" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தோஷத்தை அவள் முகத்தில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தும் சுந்தரேஷுக்கு நினைவு வரவில்லை. வெங்கி டீயைக் குடித்து, முறுக்கையும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பார்சலும் வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் வெங்கி புராணம்தான். வெங்கி இதைச் சொன்னான், வெங்கி அதைக் காட்டினான், வெங்கிக்கு முருங்கைக்காய் சாம்பார் பிடிக்குமாம். சுந்தரேஷ் காபியைக் குடித்துக்கொண்டே கேட்பார், காபி கசக்கும். இதில் அசிங்கமான சந்தேகம் ஒன்றும் அவருக்கு இல்லை, அந்தப் பையனுக்கு இவள் கிட்டத்தட்ட அம்மா வயசு. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம். தன்னிடம் இருந்த ஒரே மந்திரத்தை ஒருவன் வந்து முறுக்கு சாப்பிடுகிற நேரத்தில் அவளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டானே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று ரிமோட்டும் டிராயருக்குள் போய்விட்டன. பாட்டு போடட்டுமா என்று அவர் கேட்கும்போது பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குக் கிளம்பும்போது, குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில், ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு ரிசீவரின் ப்ளக் ஸ்விட்சை அணைத்தார். பழக்க தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று முழுக்க ஆபீசில் மனசு லேசாக இருந்தது. சாயங்காலம், பெட்டி எழவே இல்லை என்றாள் சுபாஷிணி. இந்த மாதிரி சாமானெல்லாம் இப்படித்தான் என்று ஒரு பெரிய மனிதர் போலச் சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குப் போன சமயம் பார்த்து ஸ்விட்சைப் போட்டு, டிராயரிலிருந்து ரிமோட்டுகளை எடுத்து, தானே தோடியைப் போட்டு நடு சீட்டில் உட்கார்ந்தார். மறுநாளும் அணைத்தார். அதற்கு மறுநாளும்.

ஆனால் மனுஷர் ஒன்றை யோசிக்கவில்லை. பெட்டி எழாவிட்டால் சுபாஷிணி யாரைக் கூப்பிடுவாள்? வெங்கியைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தவன், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளெல்லாம் மத்தியானம் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். வந்தவனுக்குச் சாப்பாடு. தன் கையாலேயே தினம் காலையில் அவனுக்கு அழைப்பு வைத்துவிட்டுப் போகிறோம் என்பது சுந்தரேஷுக்குப் புரிய இரண்டு வாரம் பிடித்தது.

அதற்குள் வெங்கிக்கும் புரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை வந்தான், ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்தான், நிமிர்ந்தான். சுந்தரேஷின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு சுபாஷிணி பக்கம் திரும்பி, சாக்கெட் கொஞ்சம் லூசாக இருக்கிறது, அதான் விட்டு விட்டு வருகிறது என்று சொன்னான். சுந்தரேஷ் அவனை லிஃப்ட் வரை கொண்டுவிடப் போனார். அவன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அண்ணா, அந்த ஸ்விட்ச் மேல டேப் ஒட்டிருக்கேனுங்க. தெரியாமக் கை பட்டாலும் இனி ஒண்ணும் ஆகாது."

தெரியாமல் கை பட்டாலும். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் சுந்தரேஷ் அங்கேயே நின்றார். காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோமோ அவனே நம் மேல் பரிதாபப்பட்டு முட்டுக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றோடு ஸ்விட்ச் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

விட்டதற்குப் பலனும் கிடைத்தது, அல்லது கிடைத்ததாக அவர் நினைத்தார். டிசம்பர் பிறந்திருந்தது. சாயங்காலம் மெட்ரோவில் இறங்கி, மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, பனிமூட்டத்தில் ஹவுசிங் சொசைட்டி கேட்டைத் தேடி நடந்து, நாலாவது மாடி ஏறிச் சாவியை எடுக்கும்போது உள்ளேயிருந்து வீணை கேட்க ஆரம்பித்தது. தோடி. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தார். இரண்டாம் நாளும், அடுத்த வாரமும் அதேதான். கதவைத் திறந்தால் சுபாஷிணி பக்கவாட்டு நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நடு சீட் காலியாக அவருக்காகக் காத்திருக்கும்.

சுந்தரேஷ் பூரித்துப்போனார். கேட்டதையெல்லாம் போடும் பெட்டி கையில் இருந்தும் அவள் தானாகத் தேடிப் போனது எதை? தன் வீணையை, தன் தோடியை. வெங்கி கதவை வேண்டுமானால் திறந்துவிட்டிருக்கலாம், உள்ளே இருப்பது என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டார். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம், சங்கீதத்தைத் திணிக்கக் கூடாது, வருஷக்கணக்கில் காதில் விழ விழ அதுவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று உபதேசம்கூடப் பண்ணினார். லிஃப்டில் வெங்கியைப் பார்த்தால் தாராளமாகச் சிரித்தார். ஒரு நாள் தோளில்கூடத் தட்டினார்.

அந்த வியாழக்கிழமை மெட்ரோவிலேயே அவர் மொபைல் அணைந்துவிட்டது. பழைய பேட்டரி, குளிர் வேறு. அதைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் டவரில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க மாடிப்படி ஏறினார். மூன்றாவது மாடி திரும்பும்போதே டோலக் சத்தம் கேட்டது. ஏதோ பஞ்சாபி வீட்டில் கல்யாணம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ஏறினார். ஏற ஏறச் சத்தம் கூடியது. நாலாவது மாடியில், தன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அது தன் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மாமியாரையும் மாப்பிள்ளையையும் வம்புக்கு இழுத்துப் பாடும் பஞ்சாபிப் பாட்டு. அவருடைய ஸ்பீக்கர்கள் இவ்வளவு சத்தமாகப் பாடும் என்பதே அவருக்குத் தெரியாது; கதவில் கை வைத்தால் கதவு அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் ஏறிப் பாடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டில் இருக்கிற குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் கணீரென்று, துளிக் கூச்சமில்லாத குரல். நடுநடுவே கைதட்டல். ஒரு வரி முடிந்ததும் ஒரு சிரிப்பு.

சுபாஷிணி சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பக்கமும் பஞ்சாபிக் குடும்பங்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அவள்தான் முதலில் போய் நிற்பாள் என்று மாமனார் எப்போதோ சொன்னது சுந்தரேஷுக்குத் தெரியும். ஆனால் அவள் பாடுவாள் என்பது தெரியாது. இத்தனை வருஷத்தில் தாலாட்டைத் தவிர அவள் வாயில் ஒரு பாட்டை அவர் கேட்டதில்லை. நீ பாடுவாயா என்று அவர் கேட்டதும் இல்லை.

சாவியை எடுக்காமல் இறங்கிப் போனார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கீழே செக்யூரிட்டி கார்டிடம், பையா, சார்ஜர் இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டு, அவன் ஹீட்டர் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்சல் வாங்க வந்த வெங்கி அங்கே அவரைப் பார்த்தான்.

போன் அணைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"அப்ப நீங்க வந்ததே வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காதுங்ணா" என்றான் வெங்கி, சிரித்துக்கொண்டே. சுந்தரேஷ் நிமிர்ந்து பார்த்ததும், அவருக்கு இது தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது. ஆனால் வாயை விட்டாயிற்று. தயங்கித் தயங்கிச் சொன்னான். சுந்தரேஷின் மொபைல் மாடிக்கு வந்து வீட்டு வைஃபையைப் பிடித்த உடனே, என்ன பாட்டு ஓடினாலும் அது நின்று, சத்தம் குறைந்து, வீணை ஆரம்பிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. அக்காதான் கேட்டாங்க, உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கும்னு நினைச்சேன் என்றான்.

சுந்தரேஷ் கையை ஹீட்டரில் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அவ பாடி நீ கேட்டிருக்கியா?"

வெங்கி பார்சலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஒரே ஒருக்காங்ணா. டெஸ்ட் பண்ணப்ப." பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதவன் போல, "ரொம்ப நல்லாப் பாடறாங்க" என்றான்.

இதுவரைக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் சுந்தரேஷுக்குத் தெரிந்தது. ரிசீவர் போகட்டும், ரிமோட் போகட்டும். இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவனுக்குக் கிடைக்காதது, வயர் மாட்ட வந்தவனுக்கு ஒரு மத்தியானத்தில் கிடைத்துவிட்டது. இவன் மேல் கோபப்படலாமா என்று பார்த்தார், முடியவில்லை. அந்தப் பாட்டின் மேலேயே கோபம் வந்தது. அவள் அதோடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அவர் கையைத் தூக்கி இந்த இடத்தைக் கேளு என்றபோதெல்லாம் தலையாட்டினாளே, அந்தத் தலையாட்டல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெங்கி போய்விட்டான். மொபைலில் உயிர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சுந்தரேஷ் மறுபடி படியேறினார். இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று கேட்டார். வேறு பாட்டு, இன்னும் வேகம். அவள் குரல் முன்னைவிட மேலே இருந்தது. கிட்டே போய்க் கேட்டால் வார்த்தை புரியும் என்று தோன்றியது. நாலு படி ஏறினார். இன்னும் நாலு படி.

கோட்டுப் பையில் மொபைல் லேசாக உதறியது.

டோலக் வெட்டினாற்போல் நின்றது. ஆனால் பாடிக்கொண்டு வந்த வேகத்தில் அவள் குரல் உடனே நிற்கவில்லை. துணையில்லாமல் பாதி வரி தனியாக ஓடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்றுபோனது. ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அடக்கமாக, மரியாதையாக, வீணையில் தோடி ஆரம்பித்தது.

சுந்தரேஷ் அவசர அவசரமாக மொபைலை எடுத்து வைஃபையை அணைத்தார். வீணை நிற்கவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்தது. தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது. கதவுக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. சாவி திரும்பும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். கையில் மொபைலோடு அவர் கடைசிப் படியிலேயே நின்றார். அந்த நிழலும் அசையவில்லை.